காதல் நாவல் படித்த பெண்களை எனக்குத் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். காதல் நாவல்களும் சினிமாக் காதல் பாட்டுகளும் பெண்களின் உணர்ச்சியைத் தூண்டிவிடுகின்றன, குடும்பத்தில் நிம்மதி கெடுகிறது, வயசுப் பெண்கள் வழிதவறிப் போகிறார்கள் என்று எழுதியிருந்தார். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த நாவல்களைப் படித்த பெண்கள் யாரோடும் அவர் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை. நான் பேசியிருக்கிறேன். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் 1983 முதல் 2014 வரை வாடகை நூல் நிலையம் நடத்தினேன். படிப்பு எட்டாம் வகுப்பு வரைதான். எழுதுவதில் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள், கருத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

எங்கள் வீட்டுக்காரர் பைண்டிங் வேலை செய்தவர். கல்யாணமாகி வந்தபோது, நான் காசு சேர்த்து வாங்கிய மாத நாவல்கள் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய என்னோடு வந்தன. தெருப் பெண்கள் கேட்டு வாங்கிப் போவார்கள், திரும்பி வரும்போது அட்டை இருக்காது. மாத நாவல் சாணித்தாளில் அச்சாகி இரண்டு பின் அடித்து வருவது. நாலு கை மாறினால் தாள் தாளாகக் கழன்றுவிடும். ஒரு நாள் ராத்திரி அவர் அத்தனையையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னைப் பிடுங்கி, இரண்டிரண்டு நாவலாக அடுக்கி, குத்தூசியால் ஓட்டை போட்டு, நூல் கோத்து இறுக்கி, முதுகில் காலிகோ துணி ஒட்டினார். மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவார். அட்டைப் படத்தைத் தூக்கிப் போடாமல் உள்ளே வைத்தே தைத்தார். "படம் இல்லேன்னா கதைக்கு முகம் இல்லாமப் போயிரும்" என்றார். அப்படித்தான் நூல் நிலையம் தொடங்கியது. விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, மூன்று நாள் கெடு.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைதான் பெண்கள் வருவார்கள். ஆண்கள் சாப்பிட்டுவிட்டுப் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கு முன்னால் கிடைக்கிற நேரம். தறிக்காரர் வீட்டுப் பெண்கள், கொலுசுக்குச் சலங்கை கோக்கிற பெண்கள், இரண்டு மூன்று டீச்சர்கள், ராத்திரி வேலைக்குப் போகும் ஒரு நர்ஸ். கொலுசு வேலை செய்கிறவர்கள் திருப்பித் தரும் புத்தகத்தில் ஓரமெல்லாம் கருப்பாக விரல் பதிந்திருக்கும். அதைப் பார்த்தே யார் எந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

எதிர் வீட்டில் தார் (தறி நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல் சுருள்) சுற்றும் ஒரு பெண் படிப்பதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். வலது கை ராட்டையைச் சுற்றும். இடது கையில் இழை ஓடும். புத்தகம் தரையில் விரிந்திருக்கும், பக்கம் புரளாமல் கால் கட்டைவிரலால் அமுக்கி வைத்திருப்பாள். ஒரு தார் நிரம்பியதும் அதைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, பக்கத்தைப் புரட்டிவிட்டு, அடுத்த தாரை மாட்டுவாள். அந்தப் பெண் எங்கேயும் வழிதவறிப் போகவில்லை. போக அவளுக்கு நேரமும் இல்லை. தறியில் ஓடும் தார் தீர்வதற்குள் அடுத்த தார் தயாராக வேண்டும். அந்த வேலைக்கு நடுவே ஒரு நாளைக்கு இருபது பக்கம் அவளுக்கென்று இருந்தது, அவ்வளவுதான்.

ஏற்காட்டுக்கும் புத்தகம் போகும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பத்துப் புத்தகங்களைத் துணிப்பையில் கட்டி மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுப்பேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் போய்ச் சேரும். அங்கே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருத்தி உரக்க வாசிப்பாள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் எடுக்கிற நேரத்தில் பை பிரிக்காமலே திரும்பி வரும், அலுத்துப் போய் விழுந்துவிடுவார்கள். கோடை மழைக்குப் பிறகு செடி பூக்கும்போது புத்தகத்துக்குள் காய்ந்த காப்பிப் பூ இருக்கும். வாடகைக் காசோடு அதுவும் வரும்.

ஒரு நாள் வெயில் நேரத்தில் அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு புத்தகம். கடைசித் தாள் கிழிந்து போயிருந்தது. பஸ் ஏறி, மலை இறங்கி, பழைய பஸ் நிலையத்திலிருந்து விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள். "அக்கா, அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போனாளா இல்லையா? அதுல எங்களுக்குள்ள ரெண்டு வாரமா பேச்சு." கல்யாணம் நடக்கும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. எல்லா மாத நாவலிலும் நடப்பதுதானே. வேலை என்ன ஆயிற்று என்பதற்காகத்தான் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "போனாள்" என்றேன். "அப்படின்னா சரி" என்று ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இந்தப் பெண்களைத்தான் உணர்ச்சியில் அறிவு மழுங்கிப் போனவர்கள் என்கிறார்கள்.

உணர்ச்சியைத் தூண்டுகிறது என்பதையே ஒரு குற்றமாகச் சொல்வதுதான் எனக்கு முதலில் வலித்தது. மனைவிக்காகப் புத்தகம் மாற்ற வரும் தமிழ் ஐயா ஒருவர் இருந்தார். யாரோ ஒருவர் வாசலில் நின்று இதே மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போனபோது, அவர் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு தனி இயலே இருக்கிறதாம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவது பற்றிய பேச்சு அது. இன்னொன்றும் சொன்னார். அகப்பாட்டில் காதலன் பெயரையோ காதலி பெயரையோ சொல்லக் கூடாது என்று இலக்கணமே வைத்திருக்கிறார்கள். அவன் தலைவன், அவள் தலைவி, இவள் தோழி. பெயர் இல்லாததால் கேட்கிற யாரும் அந்த இடத்தில் தன்னை வைத்துக்கொள்ளலாம். ஐந்திணையில் மலைக்கு வகுத்த ஒழுக்கம் புணர்தல் என்றபோது எனக்கு ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை ஞாபகம் வந்தது, துணிப்பையில் போன நாவல்களும் ஞாபகம் வந்தன. காதலைப் பாடிப் பாடியே இரண்டாயிரம் வருஷமாக வந்த மொழி இது. குறுந்தொகையைப் பாடமாக வைத்துவிட்டு, தறி வீட்டுப் பெண் காலுக்கடியில் வைத்திருக்கும் கதையை மட்டும் குப்பை என்றால் எப்படி? இரண்டும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் தேட வைக்கிற மனசு ஒன்றுதான்.

பயமும் புதிது இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே பெண்கள் நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று பேசினார்கள். அந்தக் காலத்தில்தான் வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி 115 நாவல்கள் எழுதினார். என் மாமியாரின் அம்மா அவற்றை அரிக்கேன் விளக்கில் படித்தவர். ஆறு பிள்ளைகளை ஆளாக்கியவர்.

சரி, பெண் ஓடிப்போன கதைக்கு வருகிறேன். இந்த 31 வருஷத்தில் என்னிடம் புத்தகம் எடுத்த ஒரு பெண் வீட்டை விட்டுப் போனாள். வாரத்துக்கு இரண்டு புத்தகம் படிப்பாள், பத்தொன்பது வயசு. மறுநாள் காலையில் அவளுடைய அம்மா வந்து புத்தகத்தை என் முன்னறையில் வீசி எறிந்தார். "உன் புத்தகத்தாலதான் என் பொண்ணு போனா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் பதில் பேசவில்லை. பெற்ற வயிறு. ஆனால் ஒரு மாசம் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. நூல் நிலையத்தை மூடிவிடலாமா என்றுகூட வீட்டுக்காரரிடம் கேட்டேன். அஞ்சு வருஷம் கழித்து அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். நானே கேட்டுவிட்டேன். "வீட்டுல பாத்த மாப்பிள்ளைக்கு 41 வயசுக்கா. ரெண்டாம் தாரம். நாவல் படிக்காம இருந்திருந்தாலும் போயிருப்பேன்" என்றாள். அந்த 41 வயசைப் பற்றி அப்போது யாருமே பேசவில்லை, புத்தகத்தைப் பற்றித்தான் தெருவே பேசியது.

இந்த நாவல்களில் எனக்கும் பிடிக்காதது உண்டு. அதை மறைத்து எழுதினால் நியாயமாக இருக்காது. கதாநாயகன் கதாநாயகியை ஓங்கி அறைவான். கட்டாயப்படுத்தித் தாலி கட்டுவான். நாற்பது பக்கம் கழித்து அவனுக்கு உள்ளே எவ்வளவு அன்பு இருந்தது என்று அவளுக்குப் புரியும், காலில் விழுவாள். பாட்டிலும் இது இருக்கிறது. வேண்டாம் என்ற பெண்ணைத் துரத்தித் துரத்திப் பாடுவதும், மறுத்தவளைத் திட்டிப் பாடுவதும். இதை எழுதுகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். அன்பர் இதைக் கண்டித்து எழுதியிருந்தால் அவருக்கு ஆதரவாக முதல் கடிதம் நான் எழுதியிருப்பேன். ஆனால் அவர் கண்டித்தது பெண்கள் அழுததை. அறைந்ததைப் பற்றி அவர் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

பெண்கள் இதையெல்லாம் அப்படியே நம்பி ஏற்றுக்கொண்டார்களா? என்னிடம் ஒரு பைண்டு புத்தகம் இருக்கிறது. அதில் அப்படி அறை விழுகிற பக்கம். கதாநாயகி மன்னித்துவிடுகிறாள். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்ன எழுத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: "இவள் ஏன் மன்னிக்கிறாள்." அதற்குக் கீழே வேறு கையெழுத்து, கோணல் மாணலாக: "வேற எங்க போவா. அம்மா வீட்டுலயும் சேக்க மாட்டாங்க." அதற்கும் கீழே, பக்கத்தின் அடி ஓரத்தில் இடம் போதாமல் வளைத்து எழுதிய நீல மை: "டைப் படிச்சிருக்கான்னு 12ஆம் பக்கத்துல இருக்கு. வேலைக்குப் போலாம்." நான் 12ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆமாம், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் என்று இருந்தது. எழுதினவரே மறந்துபோன விஷயம் அது. மூன்று பெண்கள், ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள், எந்த வருஷத்தில் எழுதினார்களோ, ஒரு கதையின் ஓரத்தில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசியிருக்கிறார்கள். புத்தகத்தில் கிறுக்கினால் அபராதம் என்று போர்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்த அன்றைக்கே போர்டைக் கழற்றிவிட்டேன்.

பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கத்துக் கடை கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை. பையன்கள் தாளில் பாட்டு வரிசை எழுதி வருவார்கள். 60 நிமிஷக் கேசட், 90 நிமிஷக் கேசட். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பதில் அவ்வளவு கவனம். நேரில் ஒரு வார்த்தை பேசத் தைரியம் இல்லாதவன் பத்துப் பாட்டை வரிசைப்படுத்திக் கொடுத்தால் அதுதான் அவன் கடிதம். அந்தக் கடைக்கு பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் வருவார். சந்தோஷப் பாட்டுக்கும் அழுகைப் பாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாள் கேட்டேன். ஆர்மோனியத்தை மடியில் வைத்து ஒரு கட்டைச் சுருதியில் மோகன ராகம் வாசித்துக் காட்டினார். தெருவே விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அப்புறம் ஐந்து சுரத்தில் நாலை அப்படியே வைத்துக்கொண்டு காந்தாரத்தை, அதாவது 'க' சுரத்தை மட்டும் வெள்ளைக் கட்டையிலிருந்து பக்கத்துக் கருப்புக் கட்டைக்கு இறக்கினார். அது சிவரஞ்சனி ராகம். எனக்குத் தொண்டை அடைத்தது. விரல் நகர்ந்தது அரை அங்குலம். ஒரு அரை அங்குலத்துக்கு மனசு இப்படி அசைகிறது என்றால், அது அசையும்படிதான் அமைந்திருக்கிறது.

2009 தை மாசம் எங்கள் வீட்டுக்காரர் தவறிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை ஒரு சொட்டு வரவில்லை. நெஞ்சில் ஏதோ உருண்டையாக நின்றுகொண்டே இருந்தது. சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். அடுத்த மாசம், மேலே தங்கிப்போன புத்தகங்களை வாங்கி வர ஏற்காடு பஸ் ஏறினேன். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறதே, அதைத் தாண்டித்தான் பஸ் போகும். 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய நிறுவனம். 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமும், 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமும் எடுத்தவர்கள். எத்தனை காதல் பாட்டுகள் நம் சேலத்து மண்ணிலிருந்து போயிருக்கின்றன! இன்றைக்கு வளைவு மட்டும் நிற்கிறது. எங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது அந்த இடம் வந்தால் கையை நீட்டிக் காட்டாமல் இருக்க மாட்டார்.

அடிவாரம் தாண்டி அஞ்சாவது வளைவோ ஆறாவது வளைவோ, பஸ்ஸில் ஒரு பாட்டு வந்தது. சாவுப் பாட்டு இல்லை, சோகப் பாட்டுகூட இல்லை. இளவட்டங்கள் இரண்டு பேர் மாறி மாறிப் பாடுகிற சந்தோஷமான காதல் பாட்டு. அவர் பசை காய்ச்சும்போது முணுமுணுக்கிற பாட்டு. இரண்டாவது வரியில் எப்போதும் தப்பாகப் பாடுவார். பாட்டில் அந்த வரி சரியாக வந்ததும் எனக்கு உடைந்துவிட்டது. சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் யாரென்றே தெரியாது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் பயந்துபோய் டிரைவரிடம் பாட்டை நிறுத்தச் சொன்னார். "நிறுத்தாதீங்க தம்பி, ஓடட்டும்" என்றேன். மேலே போய் இறங்கும்போது நெஞ்சில் அந்த உருண்டை இல்லை. அன்று ராத்திரிதான் ஒரு மாசத்துக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

அன்பர் சொல்கிற அந்தத் தூண்டுதல் இதுதான் என்றால், அது எனக்கு நடந்தது, நல்லபடியாக நடந்தது.

2014-ல் மூட்டுவலியால் நூல் நிலையத்தை மூடினேன். அவர் கையால் தைத்த புத்தகங்களை எடைக்குப் போட மனசு வரவில்லை. ஒரு நூலகத்துக்கு இலவசமாகத் தருகிறேன் என்று கேட்டேன். பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் தரமான நூல்கள் இல்லை, வைக்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடம் இல்லை என்று சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

நமது மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-ல், நாட்டில் பலருக்கும் முன்னால். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறோம். தார் சுற்றுகிறவள் வீட்டிலும்தான் கட்டுகிறாள். நூலகத் துறையின் தந்தை என்று நாம் கொண்டாடும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். இன்னொன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். தரம் பார்த்து வாசகரைத் திருப்பி அனுப்பு என்று அதில் இல்லை. அந்த எழுத்தில் தவறு இருந்தால் உங்கள் புத்தகப் பக்கத்தில் மதிப்புரை போட்டு, அறைகிறவனை நாயகனாக்காதே என்று எழுதுகிறவர்களிடமே கேளுங்கள். மாசா மாசம் இத்தனை பெண்கள் படிக்கிற கதைகளைப் பற்றி ஒரு பத்திரிகையும் மதிப்புரை போடுவதில்லை. என் வேண்டுகோள் இதுதான்.

என்னிடம் இன்னும் 600 பைண்டு புத்தகங்கள் இரண்டு பீரோவில் இருக்கின்றன. பூச்சி அரிக்கவில்லை. சேலத்திலோ ஏற்காட்டிலோ எடுத்துக்கொள்ள மனமுள்ள நூலகம் இருந்தால் உங்கள் அலுவலகம் வழியாகத் தெரிவித்தால் போதும், வண்டிச் செலவு நான் தருகிறேன். பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதியிருப்பதை மட்டும் அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வாடகை நூல் நிலையம் நடத்திய ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.